மேயர் கையில் எது இருக்கிறது?

சேலம் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா, மடித்து மடித்து ஓரம் நைந்த தாள் ஒன்றை நீட்டி, "தம்பி, இதில் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா, கொஞ்சம் படித்துச் சொல்லுப்பா" என்றார். "மாண்புமிகு மேயர் அவர்களுக்கு" என்று தொடங்கும் மனு. உள்ளே மூன்று கோரிக்கைகள். இறந்துபோன கணவர் பெயரில் உள்ள பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். விதவை உதவித்தொகை வேண்டும். தங்கள் சந்தின் கடைசியில் ஒரு தெருவிளக்கு வேண்டும். அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறிக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மூன்றில் ஒன்றுதான் மாநகராட்சியின் வேலை. பட்டா வருவாய்த் துறையின் வட்டாட்சியர் அலுவலகத்தில் மாற வேண்டியது. உதவித்தொகையைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென உள்ள தனி வட்டாட்சியர் கவனிக்கிறார். தெருவிளக்கு மட்டும் மாநகராட்சிக்கு உரியது. அதற்கும் மேயர் வரை போக வேண்டியதில்லை.

இது அந்த அம்மாவின் அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகப் படித்தவர்களும் மேயரை ஊருக்கு ஒரு குட்டி முதலமைச்சர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர் நேர் எதிராக, அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொண்டு விழாவுக்கு வருவதைத் தவிர மேயருக்கு வேலையே கிடையாது என்கிறார்கள். இரண்டுமே உண்மை இல்லை. இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் ஒருநாள் கூலியை இழந்து தவறான வாசலில் நிற்பவர்கள். அதனால்தான் இதைப் பொறுமையாக, அடியிலிருந்து விளக்க விரும்புகிறேன்.

கோயிலில் இருந்து தொடங்குவோம்

ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். அறநிலையத் துறையின் கீழ் உள்ள பெரிய கோயில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அறங்காவலர் குழு இருக்கும். அதன் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பவர் அவர். அதே கோயிலில் செயல் அலுவலர் என்று ஓர் அரசு அதிகாரியும் இருப்பார். பணியாளர் சம்பளம், வரவு செலவு, கோப்புகள், அன்றாட நிர்வாகம் எல்லாம் அவரிடம். எதைச் செய்யலாம் என்று குழு கூடி முடிவெடுக்கும். அதை நடத்தி முடிப்பவர் செயல் அலுவலர்.

மாநகராட்சியின் அமைப்பும் ஏறக்குறைய இதே அச்சுதான். குழு இருக்கும் இடத்தில் மாமன்றம். குழுத் தலைவர் இருக்கும் இடத்தில் மேயர். செயல் அலுவலர் இருக்கும் இடத்தில் ஆணையர்.

மூன்று சொற்களையும் ஒருமுறை தெளிவாக வைத்துக்கொள்வோம். மாமன்றம் என்பது வார்டுக்கு ஒருவர் வீதம் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் சபை. அந்த உறுப்பினர்களைத்தான் நாம் கவுன்சிலர் என்கிறோம். சேலத்தில் 60 வார்டுகள், எனவே 60 கவுன்சிலர்கள். மேயர் என்பவர் அந்தச் சபையின் தலைவர். ஆணையர் என்பவர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி, மாநகராட்சி நிர்வாகத்தின் தலைவர். (சேலத்தில் மாநகரக் காவல் ஆணையர் என்று இன்னொருவரும் இருக்கிறார். அவர் காவல்துறை, மாநகராட்சிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. "கமிஷனர் ஆபீஸ்" என்று ஆட்டோவில் ஏறி வேறு இடத்தில் இறங்கியவர்களை நான் அறிவேன்.)

ஒப்பீடு ஓரிடத்தில் அறுந்துபோகிறது, அந்த இடம் முக்கியமானது. அறங்காவலர்கள் நியமனம் மூலம் வருகிறவர்கள். கவுன்சிலர்களை நீங்களும் நானும் வரிசையில் நின்று அனுப்பிவைக்கிறோம். ஆகவே மாமன்றத்தில் எழும் கேள்விக்குப் பின்னால் ஒரு வார்டே நிற்கிறது.

பொத்தான் ஒன்று, மேயர் எங்கே?

2022 பிப்ரவரி 19 அன்று சேலம் மக்கள் மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். மின்னணு இயந்திரத்தில் அவர்கள் அழுத்தியது ஒரே ஒரு பொத்தான். அது வார்டு கவுன்சிலருக்கு. மேயர் பெயர் இயந்திரத்தில் இல்லை. மார்ச் 4 அன்று மாமன்றம் கூடி, கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகவும் இன்னொருவரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர்.

தமிழ்நாட்டில் இந்த முறை நிலையாக இருந்ததில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் மறைமுகம். 2022-இல் மறுபடியும் மறைமுகம். "நாங்கள் மேயருக்குத் தனியாக ஓட்டுப் போட்டோமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்கள் நினைவு சரிதான். இன்றைய முறையில் மேயரின் நாற்காலி கவுன்சிலர்களின் ஆதரவில் நிற்கிறது. 2024 ஜூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர்கள் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே இரு ஊர்களிலும் கவுன்சிலர்கள் கூடிப் புதிய மேயர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வாக்குச்சாவடி எதுவும் திறக்கப்படவில்லை.

இட ஒதுக்கீட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 2022-இல் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

இதுவரை வந்தது இவ்வளவுதான். நாம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறோம். கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணையரை அரசு அனுப்புகிறது.

மலைக்கு மேலே வேறு கதை

இப்போது அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு மலை ஏறுவோம். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் மேயர் கிடையாது. அங்கே இருப்பவை ஊராட்சிகள். 2019 டிசம்பரில் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோது வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நான்கு வாக்குச் சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள்.

அந்த இளஞ்சிவப்புச் சீட்டைக் கவனியுங்கள். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் ஒருவர் தன் ஊராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். அடிவாரத்தில், 2011 கணக்கெடுப்பின்படியே எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாநகரத்தில், அப்படி ஒரு சீட்டோ பொத்தானோ இல்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவரே அந்த ஊராட்சியின் செயல் அதிகாரி. துணைத் தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்திடும் உரிமையும் அவருக்கு உண்டு. மாநகராட்சியில் செயல் அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. மலையில் ஒரு சிறு ஊராட்சியின் தலைவர் கையில் இருக்கும் பேனா, சேலம் மேயர் கையில் இல்லை. இதை நான் முதன்முதலில் புரிந்துகொண்டபோது நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. பதவி எவ்வளவு பெரிதோ அதிகாரமும் அவ்வளவு பெரிது என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுச் செய்திகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. நியூயார்க் மேயர் நகரத்தின் காவல் ஆணையரையே நியமிக்கிறார். லண்டன் மேயரை 2000 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் "மேயர்", இங்கேயும் "மேயர்". சொல் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஒரு கொலுசும் ஒரு சாலையும்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள் ஒரு கொலுசை முழுதாகச் செய்து முடிப்பதில்லை. வெள்ளியை உருக்குபவர் ஒருவர், கம்பியாக இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் இன்னொருவர். நடுவில் ஒரு கை நின்றால் கொலுசு நின்றுவிடும். மாநகராட்சி போடும் தெருச் சாலையும் இப்படித்தான் கை மாறி வருகிறது.

ஒரு தெருவுக்குச் சாலை வேண்டும் என்று கவுன்சிலர் கேட்கிறார். பொறியாளர்கள் அளந்து பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு செலவு என்பதுதான் மதிப்பீடு. அது மண்டலத்துக்குப் போகிறது. சேலம் மாநகராட்சி சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கவுன்சிலர்களில் ஒருவர் மண்டலக் குழுத் தலைவர். தொகை சிறியதாக இருந்தால் கீழ்மட்டத்திலேயே ஒப்புதல் கிடைக்கும். பெரியதாக இருந்தால் மாமன்றக் கூட்டத்துக்கு வரும். மேயர் தலைமையில் கூட்டம் நடக்கும். கூட்டத்தின் முடிவை எழுத்தில் வடிப்பதுதான் தீர்மானம். பெரும்பான்மை இருந்தால் தீர்மானம் நிறைவேறும். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் மேயரின் வாக்கு முடிவு செய்யும். அதன் பிறகு ஒப்பந்தப்புள்ளி கோருவது, பணி ஆணை கொடுப்பது, தரம் பார்ப்பது, பணம் கொடுப்பது எல்லாம் ஆணையரின் நிர்வாகம்.

மிகப் பெரிய தொகை என்றால் கோப்பு சென்னைக்கும் போகும். சட்டத்தை மீறிய தீர்மானம் என்று கருதினால் அதை நிறுத்திவைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

ஆக, "மேயர் சாலை போட்டார்" என்பதும் "மேயர் சாலை போடவில்லை" என்பதும் பாதி வாக்கியங்கள். மேயரின் கை அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. எந்தக் கண்ணியில் வேலை நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

வரியை உயர்த்தியது யார்?

மாநகராட்சிக்குச் சொந்த வருமானம் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவை. மீதிக்கு மாநில நிதிக் குழுவின் பகிர்வையும் மத்திய நிதிக் குழுவின் மானியத்தையும் நம்பியிருக்கிறது.

மேயர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு வந்தது. சேலம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். டீக்கடைப் பேச்சு முழுவதும் "புது மேயர் வந்தார், வரி ஏறிவிட்டது" என்றே இருந்தது. உயர்வை அறிவித்தது மாநில அரசு. அதன்படி தீர்மானம் நிறைவேற்றியவை மாமன்றங்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதை எந்த ஊரின் மேயரும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சொல் இருக்கிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம்தான் நகர உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதியைக் கொடுத்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கு இட ஒதுக்கீடு எல்லாம் அதில் உறுதியாயின. பன்னிரண்டாவது அட்டவணையில் குடிநீர், சாலை, துப்புரவு, பூங்கா, மயானம், தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு என்று 18 பணிகளைப் பட்டியலிட்டார்கள். ஆனால் இந்தப் பணிகளை மாநிலங்கள் உள்ளாட்சிகளுக்கு "வழங்கலாம்" என்றுதான் திருத்தம் சொல்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு விகுதியில் மேயரின் பலம் தீர்மானமாகிவிட்டது. கொடுப்பதும் பிடித்துவைப்பதும் மாநிலத்தின் விருப்பம்.

ஊருக்குள் இருப்பதெல்லாம் மாநகராட்சி இல்லை

ஐந்து ரோட்டில் நிற்கும் ஈரடுக்கு மேம்பாலம் நெடுஞ்சாலைத் துறை கட்டியது. மின்கம்பமும் மின்சாரமும் மின்வாரியத்துடையவை. அதே கம்பத்தில் தொங்கும் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. ரேஷன் கடை உணவுத் துறையையும் கூட்டுறவுத் துறையையும் சேர்ந்தது. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. திருட்டு, போக்குவரத்து நெரிசல் காவல்துறை.

மாநகராட்சியிடம் இருப்பவை குப்பை, தெருக்களில் உள்ள சாலை, கழிவுநீர், மழைநீர் வடிகால், மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரை வீடுகளுக்குப் பகிர்வது, கட்டட அனுமதி, பிறப்பு இறப்புச் சான்று, மாநகராட்சிப் பள்ளிகள், நகர்நல மையங்கள், பூங்காக்கள், சந்தைகள். இவை ஒன்றும் குறைந்தவை இல்லை. காலையில் எழுந்தது முதல் நாம் தொடும் பாதிப் பொருட்கள் இந்தப் பட்டியலில் அடங்கும்.

சட்டமன்ற உறுப்பினரையும் மேயரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சேலம் வடக்கு, தெற்கு, மேற்கு என்று நகரத்தில் மூன்று தொகுதிகள் இருக்கின்றன. அவர்கள் சென்னையில் சட்டம் இயற்றும் அவையில் பேசுகிறவர்கள். நகரத்தின் குப்பை வண்டி அவர்கள் பொறுப்பில் இல்லை.

மேயரே இல்லாத ஐந்து ஆண்டுகள்

2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2022 மார்ச் வரை சேலத்தில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரிகளே தனி அலுவலர் என்ற பெயரில் மாமன்றத்தின் அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, தண்ணீர் வந்தது. அப்படியானால் மேயர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன்.

அந்த ஐந்து ஆண்டுகளில் இல்லாமல் போனது கேள்வி கேட்கும் இடம். மதிப்பீடு ஏன் இவ்வளவு, இந்தத் தெருவுக்கு ஏன் குழாய் வரவில்லை, அந்த வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது என்று பலர் முன்னிலையில் எழுந்து நின்று கேட்க ஒருவரும் இல்லை. அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய அறை பூட்டிக் கிடந்தது. அந்த அறையின் சாவிதான் மேயரிடம் இருப்பது.

மாதம் ஒருமுறையாவது மாமன்றத்தைக் கூட்டுவது மேயரின் கடமை. கூட்டத்தில் எதிர்க்கட்சிக் கவுன்சிலருக்குப் பேச நேரம் கொடுப்பதும், பல பொருட்களை மொத்தமாகச் சேர்த்துச் சில நிமிடங்களில் நிறைவேற்றிவிடாமல் ஒவ்வொன்றாக விவாதிக்கவிடுவதும் அவர் கையில் இருக்கிறது. மாநகராட்சியின் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பணி நடக்கும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்கலாம். நிலைக்குழுக்கள் வேலை செய்கின்றனவா என்று கவனிக்கலாம். நிலைக்குழு என்பது வரி, பணிகள், நகரமைப்பு போன்ற ஒவ்வொரு துறைக்கும் கவுன்சிலர்களைக் கொண்டு அமைக்கும் சிறு குழு. வரவு செலவுத் திட்டம் மாமன்றத்தில் முன்வைக்கப்படும்போது நகரத்தின் அடுத்த ஆண்டு எதற்குச் செலவாகும் என்பதற்கு அவர் முகம் காட்டியாக வேண்டும். அமைச்சரிடமும் அரசுச் செயலாளரிடமும் நகரத்துக்காகப் போய் நிற்க வேண்டியவரும் அவரே. இதற்கு 2023 ஜூலை முதல் மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம்.

ஆணையரை இடமாற்றம் செய்ய மேயரால் முடியாது. ஆனால் ஆணையர் உட்கார்ந்திருக்கும் அவையில் ஒரு கேள்வியை எழுப்பி, பதிலைப் பதிவேட்டில் ஏற்ற மேயரால் முடியும். ஒரு நல்ல மேயருக்கும் மோசமான மேயருக்கும் உள்ள வேறுபாடு இந்த அவையில்தான் தெரியும். விழா மேடையில் தெரியாது.

சேலத்துக்கு இது புதிதல்ல. சேலம் நகராட்சி 1866-இல் தோன்றியது. 1994-இல் மாநகராட்சி ஆனது. 1917 முதல் 1919 வரை இந்த நகராட்சியின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ராஜாஜி. தெருக் குழாயும் சாக்கடையும் பற்றிய விவாதத்தில் உட்கார்ந்தவர் பின்னாளில் நாட்டின் தலைமை ஆளுநர் ஆனார்.

உங்கள் தாள் யாருக்குப் போக வேண்டும்?

தெருவிளக்கு, குழாய், குப்பை, வடிகால் என்றால் முதலில் வார்டு அலுவலகம், பிறகு கவுன்சிலர். அங்கே நகரவில்லை என்றால் மண்டல அலுவலகம். பல தெருக்களுக்கும் பொதுவான பிரச்சினை, அல்லது ஒரு பெரிய தொகை ஒதுக்க வேண்டிய வேலை என்றால் மேயரிடம் கொடுக்கலாம். அப்போதும் "இதை மாமன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் வார்டுகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தும் வழக்கம் தொடங்கியது. கவுன்சிலர் நம் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் கூட்டம் அது. உங்கள் பகுதியில் எப்போது நடக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று டீக்கடை பெஞ்சில் அந்த அம்மாவின் மனுவை மூன்றாகப் பிரித்து எழுதினோம். கடைக்காரர் தன் கணக்கு நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்துக் கொடுத்தார். பட்டாவுக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று. மூன்றாவது தாளில் "பெறுநர்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். வார்டு எண் அவருக்குத் தெரிந்திருந்தது. கவுன்சிலர் பெயரைச் சற்று யோசித்துச் சொன்னார். "ஓட்டுக் கேட்டு எங்கள் சந்துக்குள் வந்தாரே, கடைசி வீடு வரைக்கும் நடந்து வந்தார்" என்றார். அந்தக் கடைசி வீட்டுக்கு எதிரில்தான் விளக்கு வேண்டியிருந்தது. அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.